கீழ்ப் போர்ஷனில் இளநீர்

வந்தவர் தண்ணீரை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வாய்க்குள் வைத்துக்கொண்டு கண்களை மூடி நின்றார்.

ஜலால் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த ஜலாலின் வீட்டில் கீழ்ப் போர்ஷன் மழைக்காலத்தில் காலியானது. இப்போது கோடை வந்துவிட்டது. வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். ஹாலைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்ப மரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தார்கள். உடனே அவர்கள் முகத்தில் ஏதோ ஒரு கதவு மெல்லச் சாத்தப்படும். "வூட்ல கேட்டுட்டுச் சொல்றோம் பாய்" என்று போய்விடுவார்கள். எந்த வூட்டிலும் யாரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தத் தெருவின் போர்வெல் தண்ணீர் அப்படி. குடத்தில் பிடித்து வைத்தால் குடத்துக்குள் இன்னொரு வெள்ளைக் குடம் வளரும். குடிக்கக் கேன் வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போதே, கடலைப் பார்க்காதவர்களும் கடலைப் பற்றி ஓர் அபிப்பிராயத்துக்கு வந்துவிடுவார்கள்.

வந்தவர் விழுங்கினார். கண்களைத் திறந்தார்.

"வினிதா, நீயும் கொஞ்சம் குடிச்சுப் பாரும்மா."

கூட வந்திருந்த இளம்பெண் ஒரு மடக்கு குடித்தாள். இருமினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புரோக்கர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "கம்பெனி பார்ட்டி பாய். ஜெயவேலுன்னு பேரு. கூட வேலை செய்யற பொண்ணையும் இட்டாந்து காட்டுவாரு. பேஜார் இல்லாத ஆளுங்க." என்ன கம்பெனி என்று ஜலால் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று மனைவி பஷீராவின் உத்தரவு. "கேள்வி கேட்டே ஆளைத் துரத்திடுவீங்க. போன தடவை வந்தவர்கிட்ட, மாமியார் வந்தா எத்தனை நாள் இருப்பாங்கன்னு கேட்டீங்க. அவரு மாமியாரையும் கூட்டிட்டு வந்திருந்தாரு."

அதனால் ஜலால் ரொம்பவும் ஜாக்கிரதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை பேர் சார் இருப்பீங்க?"

"நாங்க ரெண்டு மூணு பேர்தான் பாய். ஆனா வர்றவங்க போறவங்க நிறைய. யார் வந்தாலும் முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுத்துட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்போம்."

எவ்வளவு பண்பான மனிதர்! குழாயடியில் இருந்த டம்ளரை ஜலால் ஓரக்கண்ணால் பார்த்தார். இவர் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் இந்த டம்ளரைக் கையில் வாங்கப் போகிறான்.

ஜெயவேலு குனிந்து குழாயின் வாயை உற்றுப் பார்த்தார். அங்கே உப்பு, வெள்ளைப் பவளம்போலப் பூத்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். மறு கை தோள்பைக்குள் போனது.

"எப்பவும் இதே ருசிதானா? கோடையிலயும்?"

உண்மையைச் சொல்லிவிட நல்ல சந்தர்ப்பம். ஜலால் அதை விட்டுவிட்டார்.

"சேச்சே! இன்னிக்கு மட்டும்தான் சார். பைப்ல சின்னதா ஒரு வேலை நடந்துச்சு. வெள்ளிக்கிழமை வந்து குடிச்சுப் பாருங்க. இளநீர் மாதிரி இருக்கும்."

ஜெயவேலுவின் முகம் வாடியது. "அப்படியா?"

"என்னை நம்புங்க சார்."

"எதுக்கும் வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பாத்துடலாம் சார்" என்றாள் வினிதா. கிளம்புவதற்கு முன் அந்த உப்புக் குழாயைப் போனில் இரண்டு கோணங்களில் படம் எடுத்துக்கொண்டாள். ஊரெல்லாம் காட்டுவதற்கு என்று ஜலால் நினைத்துக்கொண்டார்.

மாடிப்படி ஏறும்போதே பஷீரா எதிரில் நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமை வர்றாங்க."

"அட்வான்ஸோடயா?"

"இல்ல. தண்ணி குடிக்க."

பஷீரா ஒரு படி கீழே இறங்கினாள். "இங்க பாருங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கப்புறமும் வீட்டைப் பூட்டி வச்சுப் பேய்க்கா வாடகைக்கு விடப் போறீங்க? பெரும்பாக்கத்துல என் தம்பியை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. சாமானெல்லாம் கட்டி வச்சுட்டு உக்காந்திருக்கான். வெள்ளிக்கிழமை இவங்க எடுக்கலைன்னா, என் தம்பி கீழ வந்துடுவான்."

ஜலால் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பஷீராவின் தம்பி தௌசிப் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு அனுப்பிவிடலாம். தௌசிப் உதவி செய்கிறவன். போன வருடம் ரம்ஜானுக்கு வந்தவன், பக்ரீத் முடிந்துதான் தன் வீட்டுக்குக் கிளம்பினான். இடைப்பட்ட காலத்தில் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருட்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரிசெய்தான். அன்றிலிருந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் காலிங் பெல் அடிக்கிறது. மிக்ஸி ஓட வேண்டுமென்றால் பாத்ரூம் லைட்டைப் போட வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் ஜலால் வைத்திருக்கும் திரைச்சீலைக் கடைக்கும் ஒருநாள் உதவ வந்தான். அதன் பிறகு அந்தக் கடை ஷட்டர் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. வாடிக்கையாளர்கள் குனிந்துதான் வருகிறார்கள். கீழ் வீட்டில் தௌசிப் நிரந்தரமாகக் குடியிருப்பதை ஜலாலால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போன் அடித்தது.

"மச்சான்! தண்ணிப் பிரச்சினையாமே? அக்கா சொல்லுச்சு. ஒண்ணும் கவலைப்படாதீங்க, வண்டியை எடுத்துட்டேன்."

*

தௌசிப் வருவதற்குள் தானே முடித்துவிட வேண்டும் என்று ஜலால் மொட்டை மாடிக்கு ஓடினார். டேங்கைக் கழுவினால் பாதி உப்பு போய்விடும் என்று தோன்றியது. லுங்கியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி, துடைப்பத்தால் அடியைத் தேய்த்தார். அடியில் பல வருடங்களாக நிம்மதியாகப் படுத்திருந்த வண்டல் எழுந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பைப்புக்குள் இறங்கிப் போனது.

கீழே குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. பிறகு டிகாஷன் ஊற்றியது.

"இதுக்குப் பழைய தண்ணியே தேவலையே அத்தா" என்றாள் கல்லூரியிலிருந்து வந்த மகள் ஃபரா.

அந்த நேரம் பார்த்துத் தௌசிப் வந்து இறங்கினான். கையில் ஆசிட் பாட்டில்.

"மச்சான், உங்களுக்கு மேட்டர் புரியல. தண்ணி நல்ல தண்ணிதான். குழாய்தான் அதைக் கெடுக்குது. இந்த உப்பைச் சுரண்டிட்டா ருசி மாறிடும்."

"வேணாம் தௌசிப். குழாய் பாட்டுக்கு இருக்கட்டும்."

"அக்கா! மச்சான் என்னை வேத்து ஆளாப் பாக்கறாரு!"

"அவன் ஆசையா வந்திருக்கான், விடுங்களேன்!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

தௌசிப் எல்லாக் குழாய்களிலும் ஆசிட் ஊற்றித் தேய்த்தான். உப்பு நுரைத்துக் கரைந்தது. குழாய்கள் கல்யாண மாப்பிள்ளைபோல மின்னின. ஜலாலுக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு குழாயாகச் சொட்ட ஆரம்பித்தது. சொட்டு, கோடாயிற்று. கோடு, ஓடையாயிற்று.

தௌசிப் குனிந்து ஆராய்ந்தான். குரலில் உண்மையான வியப்பு இருந்தது.

"உள்ள வாஷர் எதுவுமே இல்ல மச்சான். எப்பவோ செத்துப்போச்சு. இத்தனை நாளா அந்த உப்புதான் தண்ணியைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு."

குழாய்களையெல்லாம் புதிதாக மாற்றினார்கள். புதுக் குழாயிலும் பழைய தண்ணீரே வந்தது.

கடைசியில் ஜலால் பெரிய முடிவு ஒன்றை எடுத்தார். போர் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். தரைக்கு அடியில் இருக்கிற சம்ப் தொட்டியை முழுக்கக் காலி செய்து, லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி நிரப்பிவிட வேண்டும். குடிவந்த பிறகு அவர்கள் கண்டுபிடித்தால்? மனிதர்கள் எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்வார்கள். ஜலாலே பழகவில்லையா?

மறுநாள் காலை சம்ப் தண்ணீர் தெருவில் இறங்கி, எதிர்வீட்டு வாசலைத் தொட்டது. எதிர்வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் வீட்டிலும் கீழ்ப் போர்ஷன் காலி. 'வீடு வாடகைக்கு' என்று அவர் தொங்கவிட்ட போர்டில் இப்போது 'வீடு' மட்டும்தான் தெரிந்தது. மீதியை வெயில் தின்றுவிட்டது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டருகே வந்தார்.

"என்ன பாய், நம்ம தெருவுலயே ஏரி வெட்டிட்டீங்களா?"

"மன்னிச்சுக்குங்க சார். லாரித் தண்ணி ஊத்தப் போறோம். வீடு பாக்க வர்றவங்க ஒரு வாய் குடிச்சுட்டு ஓடிடறாங்களே. நீங்களும் ஏதாவது செஞ்சா என்ன? உங்க வீட்டுத் தண்ணி நம்மளதை விடவும்... சொல்றேன்னு கோச்சுக்காதீங்க."

"எங்க வீட்டுத் தண்ணியிலதான் பருப்பே வேகாதே. எனக்கென்ன கோபம்?" வைத்தீஸ்வரன் பேப்பரை உதறிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். "அதுக்காக லாரி பின்னாடி ஓட எனக்குத் தெம்பு இல்ல பாய். கேட்டா இருக்கறதைச் சொல்லுவேன்."

பாவம், இவருக்கு ஆயுசுக்கும் ஆள் கிடைக்காது என்று ஜலால் உச்சுக் கொட்டினார்.

லாரி வந்தது. டிரைவர் ஹோஸிலிருந்து ஒரு கை தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"ஒரு வாய் குட்ச்சிப் பாரு பாய். திருநீர்மலை பக்கம் கெணத்துத் தண்ணி. சக்கரை கணக்கா கீது."

ஜலால் குடித்தார். அது நாக்கைத் தொட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாமல் உள்ளே இறங்கிப் போனது. தண்ணீர் என்பது இப்படிப் பேசாமல் இருக்கக் கூடிய ஒன்று என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். இன்னொரு கை வாங்கிக் குடித்தார். கண்ணை மூடினால் ஏதோ மலையடிவாரத்தில் நிற்பதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தால் ராஜகீழ்ப்பாக்கமும் தௌசிப்பும் இருந்தார்கள்.

வீடு ஒரே நாளில் மாறிப்போனது.

"அத்தா! சோப்பு நுரைக்குது!" என்று பாத்ரூமிலிருந்து ஃபரா அலறினாள். அந்த வீட்டில் அவள் பார்க்கும் முதல் நுரை. பழக்க தோஷத்தில் பாதி ஷாம்பு பாட்டிலைத் தலையில் கவிழ்த்திருந்தாள். நுரை கதவுக்குக் கீழே ஹால்வரை வந்தது. அதைக் கழுவித் தள்ள டேங்கில் கால்வாசி போயிற்று. அப்படியும் சாயங்காலம் மறுபடி ஒரு முறை குளித்தாள், நுரையைப் பார்ப்பதற்காக.

மதியம் குழம்பில் உப்பே இல்லை.

"நான் எப்பவும் போடற அளவுதான் போட்டேன்" என்ற பஷீரா, பாதியில் நிறுத்தினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன் சமையலில் முக்கால்வாசி உப்பைப் போட்டுக்கொண்டிருந்தது யார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் குடித்ததும் முகம் கனிந்துவிட்டது. "யாருக்கோ குடுக்கறதுக்கு இவ்வளவு செஞ்சீங்க. எனக்காக ஒரு நாளாவது இப்படி ஒரு லாரி கூப்பிட்டிருப்பீங்களா?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் கீழேயிருந்து தௌசிப்பின் குரல் கேட்டது ஜலாலுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது.

"மச்சான், ஒரு சின்ன இம்ப்ரூவ்மென்ட் பண்ணியிருக்கேன். வந்து பாருங்க."

நிம்மதி போய்விட்டது. ஓடினார். கீழ் வீட்டுக் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"வெட்டிவேர் மச்சான்! சம்ப்புல போட்டேன். வாசனையைப் பாருங்க!"

"எவ்வளவு போட்டே?"

"சின்ன மூட்டைதான்."

பஷீரா வந்து மோந்து பார்த்தாள். "வெட்டிவேர்த் தட்டி விக்கற கடை மாதிரி மணக்குதுடா" என்றாள். தம்பிமேல் அவளுக்கே சந்தேகம் வந்த முதல் தருணம் அது. ஆனால் நீடிக்கவில்லை. "நல்லதுக்குன்னுதானே செஞ்சான்" என்று உடனே சொல்லிவிட்டாள்.

மறுபடியும் சம்ப்பைக் காலி செய்தார்கள். மறுபடியும் வைத்தீஸ்வரன் வேட்டியைத் தூக்கினார். "இந்தத் தடவை ஏரி மணக்குது பாய்" என்றார். மறுபடியும் லாரி வந்தது.

"இன்னா பாய், நேத்துதானே ஊத்திக்கினே? வூட்டுக்குள்ள நீச்சல் கொளம் எதுனா கட்டிக்கினு கீறியா?"

இந்த லாரித் தண்ணீரை ஜலால் தங்கம்போலக் காத்தார். மாடிக்குப் போகும் வால்வை மூடினார். போர் மோட்டார் சுவிட்சுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தௌசிப் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். கடைக்குப் போகவில்லை. பஷீராவும் ஃபராவும் தௌசிப்பும் பக்கெட்டோடு கேன் கடைக்கு நடந்தார்கள்.

"இருக்கற தண்ணியைப் பூட்டி வச்சுட்டுக் காவல் காக்கற மனுஷனை இப்பதான் பாக்கறேன்" என்றாள் பஷீரா, ஒவ்வொரு நடைக்கும் ஒரு முறை.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயவேலுவும் வினிதாவும் வந்தார்கள். தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி, கட்டில், பீரோ, மெத்தை சகிதம் நின்றுகொண்டிருந்தது. வண்டியின் மேல் தௌசிப் உட்கார்ந்திருந்தான். "வீடு முடிஞ்சா வண்டியைத் திருப்பிடறேன் மச்சான், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்று சொல்லியிருந்தான். பெருந்தன்மையான பையன்.

ஜலால் தன் கையால் டம்ளரை நிரப்பி நீட்டினார்.

ஜெயவேலு குடித்தார். அவர் தோள்கள் தளர்ந்தன. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையலறையை விட்டுப் பாத்ரூம் குழாய்க்குப் போனார். அங்கேயும் குடித்தார். தோட்டத்துக் குழாயில் குடித்தார். ஒவ்வொரு குழாயிலும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இத்தனை ருசியை எதிர்பார்க்கவில்லை போலும், பேச்சே வரவில்லை என்று ஜலால் பூரித்துப்போனார்.

வினிதா கைப்பையிலிருந்து சோப்புப் பெட்டி ஒன்றை எடுத்தாள். சோப்பைக் குழாயடியில் கையில் தேய்த்தாள்.

"நுரை வருது சார்" என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கெட்ட செய்தி சொல்கிறவர்களின் குரல் அது.

"நுரையா! எங்க வீட்ல ஹால்வரைக்கும் வரும்மா" என்றார் ஜலால்.

ஜெயவேலு அவர் பக்கம் திரும்பினார். கடைசி ஆசைபோல ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு இருந்த உப்பு... திரும்ப வர வாய்ப்பிருக்கா பாய்?"

"வரவே வராது சார்!"

"கோடையில?"

"கோடையில இன்னும் இனிக்கும்."

ஜெயவேலு பெருமூச்சு விட்டார். ஜலாலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "குடுத்து வச்ச குடும்பம் பாய் நீங்க. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, நேராக வைத்தீஸ்வரன் வீட்டுக்குள் நுழைந்தார்.

ஜலால் வாசலிலேயே நின்றார். எதிர்வீட்டில் வைத்தீஸ்வரன் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் உள்ளே கை காட்டுவது தெரிந்தது. இருவரும் உள்ளே போனார்கள். குழாய் திறக்கும் சத்தம். யாரோ இருமும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு, இரண்டு சிரிப்பு. ஜெயவேலு வெளியே வந்து வைத்தீஸ்வரனைக் கட்டிப்பிடித்தார். பை திறந்தது. அட்வான்ஸ் கை மாறியது. வைத்தீஸ்வரன் எழுந்து, வெளுத்த போர்டைக் கழற்றி மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

மாடி ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்த பஷீரா தெருமுனையை நோக்கிக் கையசைத்தாள். குட்டியானை உறுமிக்கொண்டு கிளம்பியது. வாசலில் வந்து நின்றதும் முதலில் தௌசிப்பின் டூல்ஸ் பெட்டி இறங்கியது.

"மச்சான், கவலையே படாதீங்க. இனி இந்த வீட்டுக்கு நான் பொறுப்பு!"

அப்போது வினிதா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சோப்புப் பெட்டியை உள்ளயே வச்சுட்டேன் அங்கிள்." எடுத்துக்கொண்டு திரும்பியவளை ஜலால் மறித்தார்.

"ஏம்மா, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அந்த வீட்டுத் தண்ணியை மனுஷன் வாயில வைக்க முடியாதும்மா. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இங்க இளநீர் மாதிரி குடுத்தும் அதைப் போய் எடுத்தீங்களே, ஏன்?"

வினிதா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"தண்ணி சுத்தம் பண்ற மெஷினுக்கு ஷோரூம் போடறோம் அங்கிள், குழாய்த் தண்ணியைக் குடிச்சு மூஞ்சி சுளிச்சாதானே ஜனங்க மெஷினை வாங்குவாங்க, அன்னிக்கு உங்க வீட்டுத் தண்ணியைக் குடிச்சுட்டு எங்க சார், 'தாம்பரத்துலயே நம்பர் ஒன் இதுதான்'னு எனக்குக் கண்ணைக் காட்டிட்டு, அட்வான்ஸ் கவரை எடுக்க அப்பவே பைக்குள்ள கையை விட்டுட்டாரு."